அங்கம்மாவின் கட்டைவிரல்

'கமலாவதி' பினாங்கிலிருந்து புறப்பட்டு, நாகப்பட்டினத்தைத் தொட்டு, மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நங்கூரம் போட்டு அன்றோடு மூன்று நாள். உள்ளே இடமில்லை. முன்னால் வந்த கப்பல்கள் வரிசையில் நின்றன. கமலாவதியும் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் விருந்தாளி மாதிரி கரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளே போய், துறைமுக டாக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் ஒரு ஈ காக்கா இறங்கக் கூடாது.

மேல்தளத்துப் பயணிகளுக்கு இதில் ஏகக் கொண்டாட்டம். கேட்காமலே மூன்று நாள் கூடுதல் உல்லாசம் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சீட்டாடினார்கள், பாட்டுப் பாடினார்கள், சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே போய் உட்கார்ந்தார்கள். சுப்புராயன் மட்டும் விரல் விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

சுப்புராயன் அந்தக் கப்பலில் கலாசி. கயிறு இழுப்பான், தளம் கழுவுவான், துரு சுரண்டி வண்ணம் அடிப்பான். ராயபுரத்துக் குப்பத்தில் பிறந்தவன், வயது இருபத்தொன்பது. கப்பலின் ஓரத்தில் நின்று பார்த்தால் எந்தப் புகை எந்த மில்லுடையது என்று சொல்லிவிடுவான். அந்தப் புகைகளில் ஒன்றுக்குக் கீழே, அவனுடைய அக்கா அங்கம்மா, அவனைக் கேட்காமலே அவனுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்துகொண்டிருந்தாள்.

சேதி நாகப்பட்டினத்தில் கடிதமாக வந்து காத்திருந்தது. 'தம்பி சுப்புராயனுக்கு அக்காள் அங்கம்மாள் எழுதிக்கொண்டது. வருகிற வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் உனக்கும் என் மகள் புஷ்பவல்லிக்கும் நிச்சயம். நீ வந்து சேராவிட்டாலும் கவலை வேண்டாம். உன் நீலச் சட்டை பெட்டியில் இருக்கிறது.'

சட்டைக்கும் நிச்சயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். கடலுக்குப் போனவன் நாள் தவறி வருவான். அதற்காக நல்ல நாள் காத்திருக்குமா? அதனால் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளையின் சட்டையை மடித்து மணையில் வைத்து, அதற்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைத்துத் தாம்பூலம் மாற்றிவிடுவார்கள். மாற்றியது மாற்றியதுதான். சட்டை ஒப்புக்கொண்ட பிறகு, சட்டைக்குள் இருக்கவேண்டிய ஆள் வந்து மாட்டேன் என்று சொல்ல முடியாது.

அக்கா மகள், உரிமைப் பெண், ஊர் மெச்சுகிற சம்பந்தம். ஆனால் புஷ்பவல்லிக்குப் பதினெட்டு வயது. அவள் நடை பழகியதே அவன் விரலைப் பிடித்துக்கொண்டுதான். அவளுக்கு மூக்கு ஒழுகினால் தன் துண்டால் துடைத்தவன் அவன். அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி கட்டுவதை நினைத்தால் அவனுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பயம் வந்தது.

இது ஒரு காரணம். இன்னொரு காரணம் மேல்தளத்தில் இருந்தது. அதன் பெயர் வேம்பு.

வேம்பு மூலக்கொத்தளத்துப் பெண். பினாங்கு டாக்டர் ஒருவர் வீட்டில் இரட்டைக் குழந்தைகளுக்கு ஆயா. குழந்தைகளின் துணிகளை உலர்த்த அவளுக்குப் பின்தளத்தில் ஒரு கயிறு வேண்டியிருந்தது. சுப்புராயன் கட்டிக் கொடுத்தான். மறுநாள் அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியவில்லை என்று வந்து நின்றாள். அவிழ்த்துக் கொடுத்து வேறு முடிச்சுப் போட்டான். அதுவும் அவிழவில்லை. இப்படி ஏழு நாளும் ஏழு முடிச்சு. அவளுக்கு உண்மையிலேயே அவிழ்க்கத் தெரியாதா என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கரை வருவதற்குள் கேட்டுவிடவேண்டும் என்றுதான் இருந்தான். கரை வரவேயில்லை. கடவுளாகப் பார்த்து மூன்று நாள் கூடுதலாகக் கொடுத்தும், தினம் அவள் எதிரில் போய் நின்று, "காத்து ஜாஸ்தியா கீதுல்ல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினான்.

முந்தின நாள் பக்கத்தில் வந்த கட்டுமரக்காரன் ஒருவனைக் கூப்பிட்டு, நிச்சயம் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லச் சொல்லி அனுப்பினான். அவன் காலையில் திரும்பி வந்து, தள்ளி நின்றே கத்திவிட்டுப் போனான்.

"மாமு! உங்க அக்கா என்னை அடிக்க வந்துச்சு! 'என் தம்பி இன்னா ஊமையா? அவன் வாயால சொல்லட்டும், அப்பால பாக்கலாம்'னு சொல்ச்சு!"

வாயால் சொல்வதற்கு ஒரு வழியும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம், கப்பல் ஏஜெண்டுகளான கன்னியப்பா அண்டு சன்ஸ் தங்கள் கடற்கரை ஆபீசில் இருந்த ரேடியோ டெலிபோனைப் பயணிகளின் உறவினர்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். கடைசியில் கப்பல் ஆட்களுக்கும் உண்டு.

கப்பலில் டெலிபோனைப் பெரிய கூடத்தில் கொண்டுவந்து வைத்து, பேசுவது எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியும் மாட்டினார்கள். வயர்லெஸ் ஆபீசர் செல்வநாதன் தூத்துக்குடிக்காரர், பொறுமைசாலி.

"கைப்பிடியில ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா நாம பேசலாம். விட்டாத்தான் அவங்க பேசுறது நமக்குக் கேட்கும். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் பேச முடியாது. இன்னொண்ணு, வெளிய நிக்கிற அத்தனை கப்பலும் இதைக் கேட்டுக்கிட்டிருக்கும். ரகசியம் பேசிராதீங்க" என்றார்.

யார் காதில் விழுந்தது? முகம் தெரியாத டெலிபோனுக்காக ஆண்கள் கோட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, வகிடு எடுத்து வந்து நின்றார்கள். ஒரு அம்மாள் பினாங்கில் வாங்கிய பட்டுப் புடவையை விரித்துக் கருவிக்கு முன்னால் பிடித்து, "கரை எப்படி இருக்கு பாருடி?" என்று தங்கையைக் கேட்டாள். தங்கை கரையிலிருந்து, "ரொம்ப அழகா இருக்குக்கா" என்றாள். கூடமே சிரித்துப் புரண்டது. வேம்புவும் இரண்டு குழந்தைகளையும் இரண்டு பக்கம் உட்காரவைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். வாசலில் நின்ற சுப்புராயன் டெலிபோனைப் பார்க்காமல் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெயில் சாயும் நேரத்தில் அவன் முறை வந்தது. விளக்கு வைக்க இன்னும் ஒரு மணி நேரம்தான். ஒலிபெருக்கியில் ஏஜெண்டு ஆபீஸ் பையன் ரகுபதியின் குரல் கேட்டது. அவனும் ராயபுரம்தான்.

"அம்மா, இந்தப் பொத்தானை இப்டி அமுக்கினு பேசணும். பேசி முட்ச்சதும் உட்றணும். உடலன்னா அவரு பேசுறது கேக்காது. புரிஞ்சுதா?"

"எல்லாம் எனக்குப் புரியும், குடு இப்டி."

அங்கம்மா மீன் ஏலம் போடுகிறவள். விடிந்தால் கரையில் நூறு பேர் கூச்சலுக்கு மேலே அவள் குரல் ஒன்றுதான் நிற்கும். அவள் பேசும்போது குறுக்கே பேசியவர்கள் உண்டு. பேசி ஜெயித்தவர்கள் கிடையாது. இருபது வருஷமாக மீன்கூடை தூக்கி உரமேறிய அந்தக் கை, டெலிபோன் கைப்பிடியைப் பிடித்தது. கட்டைவிரல் பொத்தானில் இறங்கியது. அவ்வளவுதான், இறங்கிய விரல் இறங்கியதுதான்.

"டேய் சுப்பு! நல்லா கீறியா? நாஸ்தா துன்னியா? அய்யா கேப்டனு, நீங்களும் கேட்டுகினு இருந்தா கேளுங்க, இவனுக்குக் கப்பல்னா ஆவாது! சின்னப் புள்ளையில கட்டுமரத்துல ஏத்தினாலே வாந்தி எடுப்பான்! கொஞ்சம் எலுமிச்சங்கா குடுங்க!"

கூடம் வெடித்துச் சிரித்தது. ஆறு வருஷமாகக் கடலோடுகிற கலாசிக்கு முகம் செங்கல்லாகச் சிவந்தது.

"யக்கா, நான் சொல்றத கேளு!" என்று பொத்தானை அமுக்கிக் கத்தினான்.

"உன் குரல் அங்க போகாதுப்பா" என்றார் செல்வநாதன். "அவங்க விரலை எடுக்கணும்."

விரல் வரவில்லை, குரல்தான் வந்தது. அவன் ஒன்பது வயதில் அரையணாவை விழுங்கி மூன்று நாள் வாழைப்பழமாகத் தின்றது வந்தது. நாய்க்குப் பயந்து கூரைமேல் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது வந்தது. முதுகில் படை வந்ததும், அதற்குப் போட்ட களிம்பின் நாற்றமும் வந்தன. மேல்தளத்து அம்மாள்கள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்கள். கேப்டனே வாசலுக்கு வந்து நின்று, என்ன ஏது என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். சுப்புராயன் வேம்புவைப் பார்த்தான். அவள் அவனுக்காக வருத்தப்பட முயற்சி செய்து தோற்றுப்போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் இரண்டு படை வந்திருந்தாலும் பரவாயில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"அது கெடக்கட்டும். உன் நீலச் சட்டைய வெளுத்து வெச்சுகிறேன். இன்னிக்கு வெளக்கு வெச்சதும் உனக்கும் புஷ்பாவுக்கும் பாக்கு மாத்துறோம். பொண்ணு இங்கதான் நிக்கிறா. நாட்டாமை மண்ணாங்கட்டி மாமாவும் வந்துகிறாரு. உன் வாயால ஒரு வார்த்தை சரின்னு சொல்டு, அவருக்கும் திருப்தியாப் பூடும்."

வேம்புவின் சிரிப்பு நின்றது. அவள் குனிந்து ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். அது ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்தான். பிறகு இரண்டு குழந்தைகளின் கையையும் பிடித்துக்கொண்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தாள்.

ஓடிப்போய் மறிக்கலாமா என்று சுப்புராயனின் ஒரு கால் கிளம்பியது. டெலிபோனை விட்டால் சட்டை மணையில் ஏறிவிடும். இன்னொரு கால் நின்றது. பாவம், மனுஷனுக்கு இரண்டு கால் இருப்பதே இப்படிப்பட்ட நேரத்தில் சண்டை போடத்தானோ என்னவோ.

"வேணாம்! யக்கா, வேணாம்!" என்று கருவியைப் பிடித்து உலுக்கினான்.

"பேச மாட்டேன்றான் மாமா" என்று அங்கம்மா கரையில் யாரிடமோ சொல்வது கேட்டது. "வெக்கப்படுறான். எங்கூட்டு ஆம்பளைங்களே அப்டித்தான்."

"அவனுக்கு இஷ்டம் இல்லயோ இன்னாவோ" என்று ஒரு கிழட்டுக் குரல் இழுத்தது.

"இஷ்டம் இல்லன்னா வாயைத் தொறந்து சொல்லட்டுமே! யாரு புட்ச்சிகினாங்க? மூணு தரம் கேக்குறேன். சும்மா கீறான்னா சம்மதம்னு அர்த்தம். டேய் சுப்பு, உன் அக்கா மவள கட்டிக்க உனக்கு இஷ்டமா? ஒரு தரம்!"

"இல்ல! இல்ல!" என்று அலறினான். கூடத்தில் இருந்த அறுபது பேரும், அவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லாமலே, அவனோடு சேர்ந்து இல்லை இல்லை என்று கத்தினார்கள். புடவைக்காரி மேஜையைத் தட்டினாள்.

"ரெண்டு தரம்!"

"ஐயா, எதுனா பண்ணுங்க!" என்று செல்வநாதனின் கையைப் பிடித்தான்.

"நான் என்னப்பா பண்ண? அந்த அம்மா விரலு என் கையிலயா இருக்கு?"

அப்போதுதான் சுப்புராயனுக்குப் பொறி தட்டியது. அங்கம்மா மீன் ஏலம் போட்டு அவன் எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பான்! முதல் தரம் வாயால். இரண்டாம் தரம் வாயால். மூன்றாம் தரம் சொல்லும்போது இரண்டு கையையும் சேர்த்துப் படீரென்று ஒரு தட்டுத் தட்டுவாள். தட்டாமல் ஏலம் முடிந்ததாக யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கையில் காசு இருந்தால் வாயில் கவ்விக்கொண்டு தட்டுவாள். குழந்தை இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் வீசிவிட்டுத் தட்டுவாள்.

அவன் அமுக்காமல் விரலைப் பொத்தான்மேல் தயாராக வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"மூணு தரம்!"

ஒலிபெருக்கியில் ஏதோ உருண்டது. படக்கென்று குரல் அறுந்தது. வெறும் இரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது.

"இப்ப!" என்று கத்தினார் செல்வநாதன்.

சுப்புராயன் அமுக்கினான். மூன்று நாளாக, ஏன் பத்து நாளாக, தொண்டையில் நின்றதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டியது.

"யக்கா, வேணாம்! எனக்கு இஷ்டம் இல்ல! புஷ்பா நான் தூக்கி வளத்த கொழந்தைக்கா! அதுக்குப் புட்ச்ச பையனா பாத்துக் குடு! சட்டைய மணையில வெச்சன்னா நான் கப்பல உட்டே எறங்க மாட்டேன்! எனக்கு வேம்புதான் வேணும்! மூலக்கொத்தளம் வேம்பு! இந்தக் கப்பல்லதான் கீறா! இன்னும் அதாண்ட ஒரு வார்த்தை சொல்லல, ஆனா அது இல்லாங்காட்டி எனக்கு எதுவும் வேணாம்!"

விரலை எடுத்தான். வாசலில் வேம்பு நின்றுவிட்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் வந்தது அங்கம்மாவின் குரல் அல்ல. பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு சரக்குக் கப்பலிலிருந்து, "சபாஷ் தோஸ்து! நான் மஜீது, மண்ணடி! நிக்காஹ்வோ கல்யாணமோ, பிரியாணி நம்மள்து!" என்று ஒரு குரல் பாய்ந்தது. அதற்குப் பின்னாலேயே வேறு கப்பலிலிருந்து இந்துஸ்தானியில் ஒருவன் என்ன நடந்தது, பையன் தப்பித்தானா என்று கேட்டான். மூன்றாவது கப்பலில் யாரோ விசிலே அடித்தார்கள். கடைசியில் கரை கிடைத்தது. பேசியது ஆபீஸ் பையன் ரகுபதி, அழுகையும் சிரிப்புமாக.

"அண்ணே! நீ நல்லா இருப்ப! நீ தெய்வம்ணே!"

"ஏண்டா, உனக்கு இன்னாடா அதுல சந்தோசம்?" என்று அங்கம்மா கேட்டது ரகுபதி இன்னும் அமுக்கியிருந்த கருவியிலேயே கேட்டது. "அடியே புஷ்பா, நீ ஏன்டி தலைய குனியற? இங்க பாரு என்னை. ஓகோ! அதான் பேசறதுக்கு என்னை இங்க இட்டாந்தானா இவன்? அப்டியா சங்கதி?"

அதன் பிறகு கரையில் சில அடிகள் விழுந்தன. யார்மேல் என்று கப்பலுக்குத் தெரியவில்லை. பலமான அடியாகவும் இல்லை. நாட்டாமை மண்ணாங்கட்டி இருமி இருமிச் சிரிப்பது மட்டும் நன்றாகக் கேட்டது. பிறகு அங்கம்மா மறுபடி கருவியைப் பிடுங்கினாள்.

"டேய்! யார்றா அந்த வேம்பு? அந்தப் பொண்ணாண்ட குடு! நான் பேசணும்!"

கூடம் வழி விட்டது. புடவைக்காரி எழுந்து போய்க் குழந்தைகளை வாங்கிக்கொண்டாள். வேம்பு வந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று சுப்புராயனுக்குப் படிக்கத் தெரியவில்லை. கோபம் இருந்த மாதிரி இருந்தது. கருவியை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கரையில் ரகுபதி அங்கம்மாவிடம் விரலை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினான். ஒருவழியாக இரைச்சல் வந்தது.

வேம்பு பொத்தானை அமுக்கினாள். வரிசையில் நின்ற அத்தனை கப்பல்களும் காத்திருந்தன.

"அண்ணி" என்றாள். "உங்க தம்பி கடல் பூரா சொல்ட்டாரு. மஜீது பாய்க்குத் தெரியும், நாட்டாமைக்குத் தெரியும். என்னாண்ட மட்டும் இன்னும் ஒரு வார்த்தை கேக்கல. மொதல்ல அவர கேக்கச் சொல்லுங்க. அப்பால நான் சொல்றேன்."

விரலை எடுத்தாள்.

அண்ணன் பெண்டாட்டியை மட்டுமல்ல, கணவனின் அக்காவையும் அந்தப் பக்கத்துப் பெண்கள் அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். வேம்பு அங்கம்மாவை அப்படிக் கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அங்கம்மாவுக்கு அது உறைக்க ஒரு கணம் ஆயிற்று. வந்தபோது அவள் குரல் ஏலக்குரலாக இல்லை. அப்படிக்கூட அவளுக்குப் பேச வரும் என்று சுப்புராயனுக்கே அன்றுதான் தெரிந்தது.

"இன்னா கூப்ட்ட கண்ணு? இன்னொரு தபா கூப்டு."

"டேய் கலாசி, கேளேண்டா!" என்று மஜீது குறுக்கே பாய்ந்தான். "கேளு! கேளு!" என்று மற்றக் கப்பல்களும் பிடித்துக்கொண்டன. கூடத்தில் மேஜைகள் அதிர்ந்தன. செல்வநாதன் கருவியை எடுத்துச் சுப்புராயனிடம் நீட்டினார்.

சுப்புராயன் அதை வாங்கி மேஜைமேல் வைத்தான். வேம்புவின் காதோரம் குனிந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டான். அவளும் அவன் காதிலேயே பதில் சொன்னாள்.

"இன்னாடா ஆச்சு? இன்னா சொன்னா? யாராச்சும் சொல்லுங்களேண்டா!" என்று கரையில் அங்கம்மா பொத்தானை அமுக்கியபடி கத்திக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. அவள் விரலை எடுத்தால் அல்லவா சொல்ல முடியும்?